நியூட்ரலில் விட்டுவிட்டுப் போங்கள்

திருவள்ளூருக்குக் காரில் போகிறேன் என்று யார் சொன்னாலும் என் வாய் சும்மா இருக்காது. என்றைக்கு என்றுதான் முதலில் கேட்பேன். அமாவாசை என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. விடிவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள், தேரடியைத் தாண்டி வண்டியை உள்ளே கொண்டுபோகாதீர்கள், ஸ்டேஷன் பக்கமே எங்காவது விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போங்கள், உங்கள் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது என்று மூச்சுவிடாமல் சொல்வேன். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். பிறகு நேரே குளத்தங்கரைக்கே வண்டியைக் கொண்டுபோய்ச் சொருகிக்கொண்டு, அங்கிருந்து எனக்கு போன் செய்வார்கள். எனக்குக் கோபம் வரும். அதிக நேரம் நிற்காது. இவர்களைப் போல வந்து சொருகிக்கொண்டவர்களால்தான் ஒரு காலத்தில் எனக்கு அந்தத் தெருவில் உத்தியோகம் இருந்தது.

ஐந்து அமாவாசைகள் நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். பங்குனியில் ஆரம்பித்து ஆடியில் முடிந்தது. சம்பளம் கிடையாது. அப்போது செல்போன் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை, கார் மட்டும் எல்லார் வீட்டுக்கும் வர ஆரம்பித்திருந்தது.

அம்மாவின் வீடு பெருமாள் கோயில் குளக்கரையிலேயே இருந்தது. தெருவின் ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் குளத்தின் கைப்பிடிச் சுவர். நடுவில் இரண்டு கார்கள் உரசாமல் போகலாம், ஓட்டுகிறவர்கள் இருவருமே நல்ல மனநிலையில் இருந்தால். மற்ற நாட்களில் மாடுகள் நடுத்தெருவில் படுத்து அசைபோடும். அமாவாசையன்று தெருவே தெரியாது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குளத்தில் முழுகுவார்கள். உடம்பில் இருக்கும் நோவு இதைப்போலக் கரையட்டும் என்று வெல்லத்தைத் தண்ணீரில் விடுவார்கள். உப்பும் மிளகும் போடுகிறவர்கள் உண்டு, செத்துப்போன பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் உண்டு. அம்மா வாசற்படி ஓரம் ஒரு பலகையைப் போட்டு வெல்லக்கட்டியும் உப்புமிளகுப் பொட்டலமும் விற்பாள். பலகைக்குப் பக்கத்தில் என் பிளாஸ்டிக் நாற்காலி.

அந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கேயும் எழுதிவைத்திருக்கவில்லை. காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், இரண்டு வரிசையாகக்கூட நிறுத்தலாம். ஆனால் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, கியரில் விடக்கூடாது. சக்கரத்தை நேராக வைத்து, நியூட்ரலில் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். யாருக்கு வழி தேவையோ அவர்கள் இரண்டு பேராகக் கையை வைத்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொள்வார்கள். கிழக்கே தெரு லேசாகச் சரியும் என்பதால் ஒரு செங்கல்லைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு செங்கற்கள் கிடக்கும். காலையில் ஓர் இடத்தில் விட்ட வண்டி மத்தியானம் நாலு வீடு தள்ளி நிற்கும். எங்களுக்கு அது ஓர் அதிசயமே இல்லை. வெளியூர்க்காரர்கள்தான் பேயறைந்த மாதிரி நிற்பார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது கும்மிடிப்பூண்டியில். என் வீட்டுக்காரருக்கு அங்கே தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை. லைன் வீடு. ஜன்னலைத் திறந்தால் ரோட்டோரம் வரிசையாக லாரிகள். இரும்புச் சுருளை ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும். யாரும் யாரையும் இங்கே நிறுத்தாதே என்று சொல்லமாட்டார்கள். மத்தியான வெயிலில் டிரைவர்கள் லாரிக்கு அடியில் லுங்கியால் தொட்டில் கட்டித் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிப்போவேன். அந்த வீட்டில்தான் என் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. பேசினால் நான் அழுவேன் என்று பயந்தார்கள். பேசாததால் நான் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுபடி உண்டானபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பஸ்ஸில் குலுங்கக்கூடாது, மாடி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது என்று. அதனால் ஐந்தாம் மாதத்திலேயே அம்மா வந்து என்னை அழைத்துக்கொண்டாள். வாடகைக் கார்க்காரர் என்னை வைத்துக்கொண்டு ஊத்துக்கோட்டை வழியாக, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெருமூச்சு விட்டபடி, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி வந்தார். வந்து இறங்கியதும் அம்மா தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "யாரும் வயித்துல கைய வெக்கக் கூடாது, சொல்லிட்டேன். பாத்துட்டுப் போங்க, தொடாதீங்க." எனக்கும் அதே பயம்தான். யாராவது ஆசையாகக் கையை நீட்டினால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். இந்தத் தடவை இது கைநழுவிப் போனால் நான் இருக்கமாட்டேன் என்று மனசுக்குள் முடிவே செய்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் தன் ஆட்டோவை எங்கள் வீட்டுச் சந்தில்தான் விடுவார். சந்துக்கு இரும்புக் கேட் உண்டு. அமாவாசையன்று வெளியிலிருந்து ஓர் ஆட்டோகூடத் தேரடியைத் தாண்டி உள்ளே வரமுடியாது. அதனால் அந்த நாட்களில் அவர் சவாரிக்குப் போகாமல் எனக்காக ஆட்டோவை உள்ளேயே வைத்திருப்பதாக ஏற்பாடு. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கேட்டுக்கு முன்னால் யாருக்கும் இடம் கொடுக்காதே என்று. நான் கேட்கவில்லை. "நியூட்ரல்லதான்மா இருக்குது, ஊதினா போவும்" என்பேன். எனக்கு என் சட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

உத்தியோகம் எப்படி வந்தது என்றால், சும்மா உட்கார்ந்திருக்க முடியாததால் வந்தது. பங்குனி அமாவாசைக்கு ஓர் அம்பாசடர்க்காரர் பின்னால் எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே, "ஒடிங்க, இன்னும் ஒடிங்க, வாங்க, வாங்க, போதும்" என்று கையைக் காட்டினேன். வண்டி சுவரோடு ஒட்டி அழகாக உட்கார்ந்தது. நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் ஒரு வண்டியின் பின்புறம் எங்கே முடிகிறது என்பது ஏனோ எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு முப்பது வண்டியாவது நிறுத்திக் கொடுத்திருப்பேன். சித்திரையில் ஆட்களே என்னைத் தேடி, "எங்கம்மா வுடலாம்" என்று கேட்டு வந்தார்கள். வைகாசியில் வளைகாப்பு முடிந்து இரண்டு கை நிறைய வளையல். கையைக் காட்டினால் வளையல் சத்தத்துக்கே வண்டி நிற்கும்.

அந்த விடியற்காலைகள் இப்போதும் எனக்குத் தூக்கத்தில் வருகின்றன. மாதம் ஏற ஏற எனக்கு எந்நேரமும் அரைத்தூக்கம். நாலரை மணிக்கு அம்மா எழுப்பி நாற்காலியில் உட்காரவைப்பாள். குளத்தின் மேல் லேசாகப் புகை போல நிற்கும். தெருமுனையில் இரண்டு விளக்குகள் திரும்பும், அதன் பின்னால் இரண்டு, அதன் பின்னால் இன்னும் இரண்டு. வெளிச்சம் தண்ணீரில் விழுந்து எங்கள் வீட்டுச் சுவரில் நெளியும். வண்டி நின்று விளக்கு அணைந்ததும் உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு குழந்தைகளும் கிழவிகளும் மஞ்சள் துணிப்பைகளும் இறங்கும். "ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சா? கியர்? சக்கரம் நேரா இருக்குதா? கல்லு வெச்சிக்கோங்க" என்று நான் கேட்க, அவர்கள் இருட்டில் பதில் சொல்ல, யார் முகமும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வழி வேண்டியவர்கள் வருவார்கள். என்ஜின் சத்தமே இல்லாமல் ஒரு கார் மெல்ல நகரும். கை வைத்துத் தள்ளுகிறவர்களின் மூச்சு மட்டும் கேட்கும். என் வயிற்றுக்குள்ளும் அந்த நேரத்தில் ஏதோ இடம் மாறிப் படுக்கும். கனவில் பார்க்கிறேனா, கண் திறந்துதான் இருக்கிறேனா என்று தெரியாமல் செங்கல்லை எடுங்கள், செங்கல்லை எடுங்கள் என்று முனகிக்கொண்டிருப்பேன்.

சிலர் சண்டைக்கு வருவார்கள். பட்டணத்துக்காரர் ஒருவர், "வண்டி உருண்டு குளத்துல போய்ட்டா நீ குடுப்பியா?" என்று கேட்டார். "போனா பாவமாவது தொலையும், முழுகிட்டு வரட்டும் வுடுங்க" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மனைவி சிரித்துவிட்டார். அவரும் வேறு வழியில்லாமல் நியூட்ரலில் விட்டுவிட்டுத்தான் போனார்.

ஆடி அமாவாசை வந்தது. எனக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஆடிக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூன்று மணிக்கே தெரு நிரம்பத் தொடங்கியது. விடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது எனக்கு. ஆறு மணி வாக்கில், சந்துக் கேட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு வண்டிக்கு இடம் மிச்சம் இருந்தபோது, நம்பர்கூட எழுதாத புத்தம் புதுச் சின்னக் கார் ஒன்று ஊர்ந்து வந்தது. முன்னால் சாமந்தி மாலை. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், பக்கத்தில் மனைவி. இறங்கியதும் தோள் துண்டால் கதவைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

"எங்கேர்ந்து வரீங்கண்ணா?"

"மீஞ்சூரும்மா. நேத்துதான் எடுத்தேன். பெருமாளுக்குக் காட்டிட்டு அப்பறம் ஓட்லாம்னு."

"கேட்ட ஒட்டி வுடுங்க. பிரேக் போடாதீங்க, நியூட்ரல்ல வெச்சிட்டுப் போங்க. யாருனா வழி கேட்டா தள்ளிப்பாங்க."

அவர் நகரவில்லை. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும்மா. பதினஞ்சு வருசம் அடுத்தவங்க வண்டிதான் ஓட்னேன். அதல்லாம் நானே நியூட்ரல்ல வுட்டுட்டுப் போயிருக்கேன், கவலயே பட்டதில்ல. இது என்னுது. நாலு பேரு கைய வெச்சித் தள்ளுவாங்கன்னு நெனச்சா மனசு வரலம்மா. சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால், அப்படியானால் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மீஞ்சூருக்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன். அன்று எனக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற என் கைதான் தெரிந்தது. ஒரு பொருள் ரொம்ப நாள் கழித்துத் தனக்கென்று கிடைத்தால் எப்படிப் பயமாக இருக்கும் என்பது அந்தத் தெருவிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். "சரி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுக்கோங்க, கியர்லயும் வுட்டுக்கோங்க" என்றேன். "ஒர்த்தரும் கைய வெக்காம நான் பாத்துக்கறேன். சீக்கிரம் வந்துடுங்க."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். கேட்டுக்கும் காருக்கும் நடுவில் பூனைகூட நுழைய முடியாதபடி, நான் சொன்னது போலவே ஒட்டி நிறுத்தினார். கதவுகளைப் பூட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவியோடு கூட்டத்தில் கரைந்து போனார். அம்மா அந்த நேரம் உள்ளே நாஷ்டாவுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் நான் அந்தக் காரைக் காவல் காத்தேன். சாய வந்தவர்களை விரட்டினேன். ஈரத் துணியை அதன் மேல் காயப்போட்ட ஓர் அம்மாளை உண்டு இல்லை என்று செய்துவிட்டேன். எட்டு மணிக்கு நாற்காலியில் கண்ணயர்ந்தேன் போலிருக்கிறது. குளத்துத் தண்ணீர் மெதுவாக ஏறி, சுவரைத் தாண்டி, என் கால்வரை வெதுவெதுப்பாக வருவதாகக் கனவு. கண்ணைத் திறந்தால் நாற்காலிக்குக் கீழே நிஜமாகவே ஈரம். பனிக்குடம் உடைந்திருந்தது.

அம்மா என்னைப் பிடித்து உள்ளே படுக்கவைத்து, "தண்ணி ஒடஞ்சிடுச்சி, ஆட்டோவ எடு நைனா" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து சந்துக்குள் ஆட்டோவைக் கிளப்பினார். கேட்டைத் திறந்தார். பிறகு காதில் விழுந்ததை நான் மறக்கமாட்டேன். கார் மேல் அவர் கையை வைத்துத் தள்ளினார், அது அசையவில்லை. மறுபடி தள்ளினார். "இது இன்னாக்கா, லாக்குல கீது" என்றார். அம்மா என்னிடம் வந்தாள். "நியூட்ரல்ல வுடச் சொன்னியாடி?"

"இல்லம்மா. நான்தான் பிரேக் போடச் சொன்னேன்."

அம்மா திட்டியிருந்தால் தேவலை. குனிந்து என் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. வலி இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை. உள்ளே எப்போதும் உதைத்துக்கொண்டிருப்பது அசையாமல் கிடந்தது. தண்ணீர் உடைந்தால் எழுந்து நடக்காதே, படுத்தபடியே வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னை நாற்காலியோடு தூக்கிப் போகலாம் என்றாள் அம்மா. "தேரடி வரிக்கும் தலைதான்க்கா தெரியுது, இடிச்சித் தள்ளிடுவானுங்க" என்றார் அண்ணன். காரின் சொந்தக்காரர் எந்த வரிசையில் நிற்கிறாரோ. பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் புத்தி சொன்ன எனக்கு அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும் புத்தி இல்லாமல் போயிற்று.

அண்ணன் என்னைத் தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் படுக்கவைத்தார். அங்கிருந்து பார்த்தால் திறந்த கேட்டும் அதை அடைத்தபடி அந்தக் காரின் பக்கவாட்டும்தான் தெரிந்தன. அம்மா வீட்டு வாசல் வழியாகக் கைப்பிடிச் சுவரண்டை போய், குளத்துப் படிகளைப் பார்த்துச் சொன்னது கேட்டது: "எம் பொண்ணு புள்ளத்தாச்சி. தண்ணி ஒடஞ்சி படுத்துக்கினு கீறா. ஒரு வண்டிய நகத்தணும். வாங்கப்பா."

வந்தார்கள். படியேறி அப்படியே வந்தார்கள். இடுப்பில் ஈர வேட்டி, விரலில் தர்ப்பை மோதிரம், நெற்றியில் பாதி இட்ட நாமம். எள் ஒட்டிய கைகள். புடவை சொட்டச் சொட்ட இரண்டு மூன்று பெண்கள்கூட. "லாக்குல இருக்குது, உருளாது, தூக்கணும்" என்றார் அண்ணன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. காரைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"புது வண்டிம்மா, கோடு விழுந்தா?" என்று ஒரு குரல்.

"வண்டிக்கு இன்னா ஆனாலும் நான் ஜவாப் சொல்லிக்கறேன், தூக்குங்க" என்றாள் அம்மா.

யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். அந்தக் காரின் மேல் ஒரே சமயத்தில் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ண முடியவில்லை. கண்ணாடியில், கதவில், சக்கரத்தின் மேல் வளைவில் எல்லாம் ஈரக் கைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாகச் சொன்னார்கள். கார் தரையிலிருந்து எழுந்தது. பின்பக்கம் ஒரு முழம் நகர்ந்தது, பிறகு முன்பக்கம் ஒரு முழம். சாமந்தி மாலை அசைந்தது. அவ்வளவு பேர் இருந்தும் ஒருவரும் சத்தம் போடவில்லை, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றிப் படுக்கவைப்பது போல அதைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்கள். போகிற போக்கில் கேட்டுத் தூணில் நீட்டியிருந்த தாழ்ப்பாள் கொக்கி கார்க் கதவில் உராய்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்கு அப்பால் தெரு. விடியற்காலையிலிருந்து நான் நிறுத்திய வண்டிகள் அத்தனையும் இரண்டு வரிசையாக அங்கே இருந்தன. ஆட்டோ நகர ஆரம்பித்தது. ஈர வேட்டிக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். செங்கல்லை எடுக்கிற சத்தம், கை வைக்கிற சத்தம், ஒரு வண்டி ஒதுங்கியது. அடுத்தது ஒதுங்கியது. எனக்கு ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. இது ஆந்திராக்காரர்களின் வேன், நிறுத்த டப்பு எவ்வளவு என்று கேட்டவர்களிடம் டப்பெல்லாம் வேண்டாம், பிரேக்கை எடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். இது முணுமுணுத்துக்கொண்டே கியரை எடுத்த வாத்தியாருடைய கார். எல்லாமே நியூட்ரலில் இருந்தன. முகம் தெரியாதவர்கள் இருட்டில் என் பேச்சைக் கேட்டு, மாடு பூட்டாத வண்டிபோல விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் அழுதேன். வலியால் என்று அம்மா நினைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

ஸ்டேஷன் போகும் வழியில் இருந்த நர்சிங் ஹோமில் பெண் குழந்தை பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, அதற்குமேல் சொல்லவிடவில்லை. என் வீட்டுக்காரர் ஆலைக்குப் போன் போய், கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, பேசின்பிரிட்ஜில் மாறி, சாயங்காலம் வந்து சேர்ந்தார். நெருப்புப் பொறி பட்ட தழும்போடு இருக்கும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குழந்தையைப் பார்த்தார். தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் வந்து கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் இன்னொரு குரல் கேட்டது. மீஞ்சூர்க்காரர். நான் சட்டென்று கண்ணை மூடித் தூங்குவது போலப் படுத்துக்கொண்டேன். என்ன சொல்வது அவரிடம். "கதவுல நீட்டா ஒரு கோடு வுழுந்துட்சி நைனா, இன்னா செலவோ நாங்க பாத்துக்கறோம்" என்று அம்மா சொன்னாள். "வண்டி கெடக்குதும்மா. கொழந்த நல்லாக்குதா?" என்று மட்டும் கேட்டார். புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பொட்டலத்தை என்னால் பிரிக்க முடியவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் குழந்தையை உள்ளறையிலேயே வைத்திருந்தேன். அம்மாவையும் என்னையும் தவிர யாரும் தொடக்கூடாது. தெருப் பெண்கள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் லீவு நாளில் வந்து பாயோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். கழுத்தைச் சுற்றிய கொடி இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது போலவே எனக்கு இருந்தது. இரவில் அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஆவணி அமாவாசை வந்தது. நாற்பது நாள் ஆகவில்லை, வாசலுக்குப் போகக்கூடாது என்று அம்மா உத்தரவு. நானும் சரியென்றுதான் படுத்திருந்தேன். ஆனால் வெளியே நடந்தது காது கொடுத்துக் கேட்கும்படி இல்லை. ஒரே ஹார்ன். அம்மா பலகையில் இருந்தபடி எல்லா வண்டிக்கும் "ரைட்டு, ரைட்டு" என்கிறாள், வண்டி லெப்டில் வந்தாலும் ரைட்டு என்கிறாள். எங்கேயோ ஒன்று இடித்தது. யாரோ கூச்சல் போட்டார்கள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

கேட்டுக்கு முன்னால் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. நம்பர் எழுதியிருந்தார்கள். கதவில் முனைக்கு முனை ஒரு கோடு, பெயிண்ட் அடிக்காமல் அப்படியே இருந்தது. மீஞ்சூர்க்காரர் தலை ஈரத்தோடு அதன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நியூட்ரல்லதான்மா வுட்டிருக்கேன். கல்லும் நானே எடுத்தாந்துட்டேன்" என்று சக்கரத்தைக் காட்டினார். மீஞ்சூரிலிருந்து கொண்டுவந்த செங்கல்.

"வாக்குக் குடுத்துட்டுக் காப்பாத்தலண்ணா நான்" என்றேன். ஒரு மாதமாகச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தது.

"இன்னாம்மா பேசற நீ. அந்தக் கோடு இருக்கட்டும்னு நான்தான் வுட்டு வெச்சிருக்கேன். கூட்டத்துல என் வண்டி எதுன்னு சட்டுனு தெரியுது."

அவர் மனைவி பின்னால் நின்றிருந்தாள். குளத்திலிருந்து நேரே வந்திருந்தாள், கூந்தல் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "தொடலம்மா. கையெல்லாம் ஈரம்" என்றாள். அம்மா பலகையிலிருந்து, "உள்ள போடி, கண்ணு பட்டுடும்" என்றாள்.

நான் அந்த ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆடியன்று வந்தவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. கைகள்தான் நினைவிருந்தன. அவர்கள் தொடாமல் நின்றிருந்தால் இவள் இன்றைக்கு என் தோளில் இல்லை.

"பரவால்லக்கா, புடிங்க" என்று நீட்டினேன்.

அவள் தயங்கி, முந்தானையில் துடைத்துப் பார்த்து, முந்தானையும் ஈரமாக இருக்கக் கண்டு, அப்படியே வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டு குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள் என் பெண். அடுத்த வாரம் அவள் அப்பா வரும்போது முதலில் அவர் கையில் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் ஒரு சுமோ வழி கிடைக்காமல் ஹார்ன் அடித்தது. "யாரு வண்டிப்பா இது?" என்று அதன் டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார். என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. குனிந்து அந்த மீஞ்சூர்ச் செங்கல்லை எடுத்தேன்.

"நியூட்ரல்லதான் இருக்குது. கைய வெச்சித் தள்ளிக்கோங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன்.